சீட்டு விழுந்தவர்கள் மட்டும் கை நீட்டவும்

எங்கள் குடும்பம் வாத்தியார் குடும்பம். சாத்தான்குளம் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, அதற்கு எதிரே இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் ஓய்வு பெறுகிற பரம்பரை. அதில் நான் ஒருத்தன்தான் அடுத்தவர் கையைப் பிடித்து ரத்தம் உறிஞ்சிப் பிழைப்பவன். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும் சொந்தக்காரர்கள், "மெடிக்கல் லைன்ல இருக்கான்" என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். கேட்பவர் டாக்டர் என்று நினைத்தால் யாரும் திருத்துவதில்லை. நானும் திருத்துவதில்லை.

லேப் டெக்னீஷியன் வேலையில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. அடுத்தவர் ரத்தம் எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் செய்யாது. என்னுடையது ஒரு சொட்டு தெரிந்தால் போதும், கண் இருட்டிக்கொண்டு வரும். வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் என்னைப் படுக்க வைத்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். எடுப்பது என்னிடம் பயிற்சி பெற்ற பெண். முடித்ததும், "முடிஞ்சிட்டு சார், கண்ணத் தொறங்க" என்பாள். இந்தக் கதையில் என்னோடு தீவுக்கு வந்தவளும் அவள்தான்.

தீவு என்றதும் படகு, தென்னை என்று கற்பனை செய்ய வேண்டாம். மன்னார் வளைகுடாவில் தீவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் ஆள் குடியிருப்பதில்லை. ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் மேடத்துக்கோ ஆள் குடியிருக்கிற தீவு வேண்டும். டெங்குக் காய்ச்சல் ஒரு ஊரில் எத்தனை பேருக்கு வந்து போயிருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துக் கணக்கெடுக்கிற ஆராய்ச்சி அது. வெளியாள் அதிகம் வந்து போகாத, தனித்து நிற்கிற ஊராக இருந்தால் கணக்கு சுத்தமாக இருக்கும் என்றார். கடைசியில் தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி ஒரு மணல் திட்டைப் பிடித்தோம். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் உப்பளமும் கழிமுகமும். உப்பள வரப்பு மேல் ஒரு மண் ரோடு. ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால் அந்த ரோடு முங்கிவிடும், அப்போது நிஜமாகவே தீவு. மற்ற மாதங்களில் பைக்கில் போகலாம். ஊர்க்காரர்களே அதைத் 'தீவு' என்றுதான் சொல்கிறார்கள். தனித்து நிற்கிற அந்த மக்கள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் குடும்பத்தோடு டவுனுக்குப் போய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவதை மேடத்திடம் நான் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். டெங்கு ஒருவருக்கு வந்து போனால், உடம்பு அதை மறக்காமல் ஒரு அடையாளத்தை ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். காய்ச்சல் போய் வருடக்கணக்கில் ஆனாலும் அந்த அடையாளம் இருக்கும். அதைத்தான் நாங்கள் தேடுகிறோம். எல்லாரிடமும் எடுக்க முடியாது. எந்த வீடு, அந்த வீட்டில் யார் என்று கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். அந்த ஆளிடம் மட்டும்தான் எடுக்க வேண்டும். இதை ஊருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு. 'ஜனங்களோட நல்லாப் பேசுவார்' என்று மேடம் என்னைப் பற்றி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் பின்னால் வந்த அத்தனைக்கும் ஆரம்பம்.

கோயில் முன்னால் பந்தலில் கூட்டம் போட்டோம். மாதா கோயில். ஊர்க் கமிட்டித் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்பதை ஒரு பதவியாகவே செய்கிறவர்.

"கம்ப்யூட்டருக்கு எங்க ஊரு ஆளுகள எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி. தெரியாததுனாலதான் அது பாரபட்சம் இல்லாம எடுக்கும்."

"தெரியாத ஆளு எப்படி எடுக்கும்?"

இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பந்தலில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது இன்னொருவருக்குத் தொற்றியது. அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. இங்கே கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கு எந்த நாள், எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். அதில் சொந்தம் பந்தம் பார்ப்பதில்லை. சீட்டு விழுந்தவருக்கு முறை.

"நீங்க கரைவலைக்குச் சீட்டு போடுதீங்கல்லா. அதே மாதிரிதான். இங்க கம்ப்யூட்டரு சீட்டு எடுக்கும். யாருக்கு விழுதோ அவங்க முறை."

பந்தல் முழுக்கத் தலைகள் ஆடின. கமிட்டித் தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். "இத முதல்லயே சொல்லியிருந்தா டீயக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம்லா" என்றார். நானும் வாத்தியார் வீட்டுப் பிள்ளைதான் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் தனியாக வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். கேட்க வந்ததை வழியிலேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள் போல, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், பழைய காய்ச்சலும் இதுல தெரியுமா?"

"எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும்மா."

"அப்ப எங்க வீட்டுக்காரரு கிட்ட எடுங்க."

அவள் புருஷன் கடலில் முங்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தம்பிக்குக் கல்யாணம். இந்த ஊரில் மாப்பிள்ளையைக் கைப்பிடித்துக் கோயில் வாசல் வரை கூட்டிப் போவது அக்கா புருஷன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தலில் தம்பிக்கும் அவருக்கும் ஏதோ சின்னப் பேச்சு. யாரைக் கேட்டுப் பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாய் என்கிற மாதிரி. மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் டெங்குதான் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கைப்பிடித்துப் போனது யாரோ ஒரு பெரியப்பா மகன்.

"தம்பி நம்பல சார். ரோசத்துல படுத்துக்கிட்டு காய்ச்சல்னு நடிக்கான்னு ஊரறியச் சொல்லிட்டான். எங்க அம்மையும் அவன் பக்கம். அன்னையில இருந்து பேச்சில்ல. எங்க வீட்டுல இருந்து எங்க அம்மை வீடு நாலு வீடு தள்ளிதான். தம்பி கடை அதே வீட்டு முன்னாலதான் இருக்கு. நான் தீப்பெட்டி வாங்கணும்னாலும் தருவைகுளம் போய் வாங்கிட்டு வாரேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"தம்பிக்குப் பிள்ள பொறந்திருக்கு. முதல் பிள்ள. அடுத்த மாசம் ஞானஸ்நானம். நான்தான் ஒரே அத்தை. நான் இன்னும் பிள்ளையப் பாக்கல. அழுதா மட்டும் கேக்கும்."

சீட்டு விழுந்தால்தான் எடுக்க முடியும் என்று சொன்னேன். விழவில்லை. மறுநாள் கம்ப்யூட்டர் கொடுத்த பெயர்களில் அவள் வீடு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அவளைப் பார்த்துச் சொன்னேன். "சரி சார், நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பொறுமையான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுக்கிற முதல் நாள் என் வாழ்க்கையிலேயே சுகமான நாள். பொதுவாக இந்த வேலையில் பாதிப் பேர் வர மாட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவரோடு பேச்சு நடத்திய அனுபவமெல்லாம் எனக்கு உண்டு. இங்கே வரிசையில் நின்றார்கள். கையை நீட்டச் சொன்னதும் நீட்டினார்கள். முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாருக்கும் கயிறு மாதிரி நரம்பு. உப்புக் காற்றிலும் வலை இழுப்பிலும் முறுக்கேறிய கைகள். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. சாயந்திரம் மேடத்துக்குப் போன் போட்டு, "ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல மேடம்" என்றேன். "எப்படி சார்?" என்றார் ஆச்சரியத்தோடு. "பேசுற விதத்துல பேசணும் மேடம்" என்றேன். இந்த வாக்கியத்தை மேடம் இன்றைக்கும் மறக்கவில்லை.

இரண்டாவது நாள் காலையில் முதலாவதாக வந்து உட்கார்ந்தவர் நல்ல ஆகிருதி. நாற்காலி ஒரு சத்தம் போட்டு அவரை ஏற்றுக்கொண்டது.

"பேரு?" என்றாள் என்னோடு வந்த பெண்.

அவர் சொன்னது ஒரு பெண் பெயர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். "அண்ணாச்சி, இது பொம்பளப் பேருல்லா?"

"ஆமா. தங்கச்சி முறை. அவளுக்கு ஊசின்னா ஆகாது. நான் வந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டினார். இடது முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் பிளாஸ்டரைக் குறுக்காகத்தான் ஒட்டுவேன். அது குறுக்காக ஒட்டியிருந்தது.

"நேத்தும் நீங்க குடுத்தீங்களா?"

"அது சித்தப்பா முறை."

"உங்க முறை?"

"எனக்கு விழலயே" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

என்னோடு வந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கரைவலைச் சீட்டில் முறை விழுந்தவர் தானே வந்து வலை போட வேண்டும் என்று ஒன்றும் இல்லையாம். உடம்பு முடியாவிட்டால், வேறு சோலி இருந்தால், அண்ணன் தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ விட்டுக்கொடுக்கலாம். முறை முறைதான், ஆள் மாறலாம். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. ஊசிக்குப் பயந்தவர்கள் எல்லாம் பயப்படாதவர்களுக்கு முறையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பெயர் கேட்டால் முறைக்காரர் பெயரைத்தான் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம், அதையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். கயிறு மாதிரி நரம்பெல்லாம் அப்படித்தான் வரிசையாக என் முன்னால் வந்திருக்கிறது.

கமிட்டித் தலைவரிடம் ஓடினேன். அவருக்கு என்ன பிரச்சினை என்றே புரியவில்லை.

"நீங்கதான சார் சீட்டு மாதிரின்னு சொன்னீங்க?"

"சொன்னேன் அண்ணாச்சி. ஆனா ஆள மாத்தலாம்னு சொல்லலயே."

"மாத்தக் கூடாதுன்னும் சொல்லலயே." அவர் நிதானமாக வெற்றிலையை மடித்தார். "உங்களுக்கு வேண்டியது இந்த ஊரு ரத்தம். கெடைச்சதும் இந்த ஊரு ரத்தம். ஊருக்குள்ளயேதான மாறியிருக்கு?"

இதற்குப் பதில் சொல்ல நான் அவருக்குக் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது. தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற டிரம்மிலும் வாசலில் கிடக்கிற உடைந்த சங்கிலும்கூட முட்டை போடும். பகலில் வீட்டில் இருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். பகலெல்லாம் கடலில் இருக்கிற ஆம்பிளைகள் வந்து பொம்பளைகளுக்குப் பதிலாகக் கை நீட்டினால், வீட்டில் கிடந்து கடி வாங்கியவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். ஊரில் டெங்குவே இல்லை என்று கணக்கு வந்து நிற்கும்.

அவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப சரி. திரும்ப எடுங்க" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதில் எனக்கே சந்தேகம். "ஆனா நீங்க பேசாதீங்க சார். மைக்குல நான் பேசுதேன்."

மேடத்துக்குப் போன் செய்தது தனிக் கதை. அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்ட நேரத்தில், "பேசுற விதத்துல பேசணும்னு சொன்னீங்களே சார்" என்று மெதுவாகக் கேட்டார்.

போனை வைப்பதற்குள் சங்கு குளிப்பவரின் பெஞ்சாதி வந்து நின்றாள். ஆள் மாறி எடுத்ததையெல்லாம் கொட்டப் போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியிருக்கிறது. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"சார், பக்கத்து வீட்டுக்காரரு பேருல இருக்கது எங்க வீட்டுக்காரரு ரத்தம். அந்தக் குப்பிய மட்டும் கொட்டிராதீங்க."

'பாத்துக்கிடுதேன்' என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் குலை நடுக்கம். முறையைக் கேட்டதும் கும்பிட்டுக் கொடுத்திருக்கிறார்.

நான் மேடத்திடம் மறுபடி பேசினேன். இந்தத் தடவை என் சொந்தப் பேச்சு எதையும் சேர்க்காமல் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மேடம் கோபம் மறந்து கேட்டார். "நம்ம ஆராய்ச்சிக் கணக்குல சேராது சார். ஆனா நம்மள நம்பிக் குடுத்திருக்காங்க. கொட்டக் கூடாது. மாறி வந்தவங்க எல்லார்கிட்டயும் அவங்க சொந்தப் பேர்ல சம்மதம் வாங்குங்க. டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட அவங்க கையில குடுத்துருவோம்."

சாயந்திரம் கடலிலிருந்து வந்ததும் புருஷன் கையெழுத்துப் போட வந்தார். நேற்றே பார்த்த முகம், வேறு பெயரில்.

"நேத்து வேற பேரு சொன்னீங்க."

"நேத்து அவன் முறைக்கு வந்தேன். இன்னைக்கு என் சோலிக்கு வந்திருக்கேன்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சாதி அந்தப் பக்கம் போனதும், "காய்ச்சல்ல கெடந்தது எனக்குத் தெரியும். இதுக்கு எதுக்கு சார் பேப்பரு? இவதான் கேக்க மாட்டேங்கா. ராத்திரி அந்தப் பிள்ள அழுதா எழும்பி உக்காந்துக்கிடுதா" என்றார்.

மறுநாள் மாதா கோயில் மைக்கில் தலைவர் பேசினார். சீட்டு விழுந்தவர்கள்தான் வர வேண்டும், முறை மாற்றக் கூடாது, மாற்றினால் கமிட்டியில் அபராதம். நானும் ஒரு வார்த்தை சேர்க்கலாமே என்று, "இது பரீட்சை மாதிரி, உங்க பரீட்சைய இன்னொருத்தர் எழுத முடியுமா?" என்று ஆரம்பித்தேன். என்னோடு வந்த பெண் மைக்கை வாங்கி அணைத்துவிட்டாள். "சார், இனிமே நீங்க எதையும் எது மாதிரியும் சொல்லாதீங்க" என்றாள். அதற்குள் ஒருத்தர், "இதுல பெயில் ஆனா என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டார்.

இந்தத் தடவை எனக்கு உண்மையான வேலை இருந்தது. நரம்பு தெரியாத கைகள், நடுங்குகிற கைகள், அழுகிற பிள்ளைகள், அவர்களைவிட அதிகமாக அழுகிற அம்மாக்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடி முழு ஜெபமாலையும் சொல்ல ஆரம்பித்தார். "முடிஞ்சிட்டு, கண்ணத் தொறங்க" என்றேன். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். சங்கு குளிப்பவர் பெஞ்சாதியின் தம்பிக்கும் சீட்டு விழுந்திருந்தது. முதல் நாளே தன் முறைக்குத் தானே வந்து கொடுத்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர், எதையும் அடுத்தவர் கையில் விடாத ஆள்.

ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆனது. ஒட்டிய கவர்களில் ஒவ்வொருவர் பெயர் எழுதி, அவரவர் கையில் நானே கொடுத்து, அர்த்தம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். நான் போனது வெள்ளிக்கிழமை. கடைக்காரரின் அக்காள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். புருஷன் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

அவர் கவரைப் பிரித்து, பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். நெகட்டிவ்.

எனக்கு எப்போதும் வாயில் ஏதாவது ஒரு வேடிக்கை வந்து விழும். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. டெங்கு வந்து போன அடையாளம் இல்லை என்று சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும்னு சொன்னீங்கல்லா" என்றாள்.

"சொன்னேன்."

"அப்ப வரவே இல்லயா?"

"டெங்கு வந்ததா தெரியலம்மா."

"அப்ப நான் நடிச்சனா?" என்றார் புருஷன். கத்தவில்லை. கேட்டது என்னையா அவளையா என்றும் தெரியவில்லை.

"அப்படி இல்ல. காய்ச்சல் எத்தனையோ இருக்கு. டைபாய்டு இருக்கு, எலிக்காய்ச்சல் இருக்கு, பேரே தெரியாத காய்ச்சலும் வரும். மருந்துக்கடையில வாய்க்கு வந்தத சொல்லியிருப்பாங்க. உங்களுக்கு வந்தது டெங்கு இல்லன்னுதான் இது சொல்லுது. காய்ச்சலே இல்லன்னு சொல்லல."

டெஸ்ட் தப்பாக இருக்குமோ என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால், எப்போதாவது அப்படியும் ஆகும் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கேட்கவில்லை. பேப்பரை வாங்கி, மடித்து, கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

"எங்க போற?" என்றார் புருஷன்.

"அம்மை வீட்டுக்கு."

"இத எடுத்துக்கிட்டா?"

"மூணு வருசமா டெங்கு டெங்குன்னு நான்தான ஊரெல்லாம் சொன்னேன். அது இல்லன்னு வேற ஆளு சொல்லி அவன் கேக்கதுக்கு முன்னால, நானே போய்ச் சொல்லுதேன்."

நாலு வீடுதான். எனக்கு அங்கே போகாமல் இருக்க வழியில்லை, தம்பியின் கவர் என் பையில் இருந்தது. அவள் முன்னால், நான் நடுவில், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புருஷன் பின்னால்.

கடையில் தம்பி யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அக்காளைப் பார்த்ததும் தராசு முள் நிற்பதற்குள் பொட்டலத்தைக் கட்டிவிட்டார். வாங்க வந்தவர் போகாமல் ஓரமாக நின்றுகொண்டார். உள்ளே வாசல்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

அவள் கடைப் பலகையில் பேப்பரை வைத்தாள்.

"ஏலே, உன் அத்தானுக்கு டெங்கு இல்லயாம். டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. நான் சொன்னது தப்பு." பேப்பரை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா காய்ச்சல் நெசம். ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டவ நான். அதுக்குப் பேப்பரு கெடையாது. நம்பினா நம்பு."

தம்பி அந்தப் பேப்பரைப் படித்தார். வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் நான் அவருடைய கவரை நீட்டினேன். "இது உங்களோடது அண்ணாச்சி. உள்ள போய்த் தனியாப் பிரிச்சுப் பாருங்க" என்றேன். அதுதான் எங்கள் விதி. அவர் அங்கேயே கிழித்தார்.

"சார், பாசிட்டிவ்னு இருக்கு. பாஸ்தான?"

என்னோடு வந்த பெண் அன்றைக்குக் கூட வராதது என் அதிர்ஷ்டம். "இல்ல. உங்களுக்கு டெங்கு வந்து போயிருக்கு."

"எனக்கா? நான் ஒரு நாளும் படுத்ததில்லயே. தலவலின்னு கடை அடைச்சதில்ல."

"நெறையப் பேருக்கு அப்படித்தான். வந்தது தெரியாமயே போயிரும். நீங்க பகலெல்லாம் கடையில, டிரம்மு பக்கத்துல இருக்கீங்க. அவரு பகலெல்லாம் கடல்ல."

"எப்ப வந்துச்சு?"

"அது இதுல தெரியாது. எப்பவோ."

தம்பி இரண்டு பேப்பரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பருப்பு வாங்க வந்தவரும் எட்டிப் பார்த்தார். தனக்கு வந்த காய்ச்சல் தனக்கே தெரியவில்லை. அத்தான் காய்ச்சலைப் பற்றி ஊரறியத் தீர்ப்புச் சொன்னது அவர். அந்தக் கணக்கு அவருக்குள் ஓடுவதை நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

படியிலிருந்து அம்மாதான் முதலில் பேசினாள்.

"வந்த காய்ச்சல் ஒன் உடம்புல இருந்து ஒனக்கே தெரியலயாக்கும். அடுத்தவன் உடம்புல இல்லாதது மட்டும் தெரிஞ்சுட்டோ?"

"நீயும்தானம்மா சொன்ன" என்றார் தம்பி.

"நான் ஒன் பேச்சக் கேட்டுச் சொன்னேன்." அவள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓரமாக ஒதுங்கினாள். படியில் ஒரு ஆள் போக இடம் வந்தது. "ஏளா, வெயில்ல நிக்காத. பிள்ள இப்பதான் முழிச்சுது."

அக்காள் தன் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைப் பலகையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் ஆம்பிளைகள் வெளியே நின்றோம். யாருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பி பெட்டியிலிருந்து சோடா எடுத்து உடைத்து அத்தானிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒன்று வந்தது.

"ஞாயித்துக்கிழம காலப் பூச முடிஞ்சதும் ஞானஸ்நானம்" என்றார் தம்பி, தராசைப் பார்த்துக்கொண்டே. "நீங்க வரணும் அத்தான்."

"வாரேன். காய்ச்சல் கீய்ச்சல் வந்தா சொல்லி அனுப்புதேன்."

"சொல்லி எல்லாம் அனுப்ப வேண்டாம். போர்வையோட வாங்க. முன் பெஞ்சுல படுக்கப் போட்டுருதேன்."

பருப்பு வாங்க வந்தவர்தான் முதலில் சிரித்தார். அதற்குள் உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தமும், அதற்கு மேல் அக்காள் சத்தமும் கேட்டது. தம்பி பெஞ்சாதிக்குப் பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும், எந்தத் துணியில் சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி என்னைப் பார்த்தார்.

"சார், இன்னும் எத்தன கவரு இருக்கு?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி."

"சீக்கிரம் போய்க் குடுங்க. அக்கா வரட்டும்னு நிக்காதீங்க, இவ இன்னைக்கு வெளிய வர மாட்டா."